வாலில்லா மீன்கொத்தி

மாத்தளை
24.01.1984

அன்புள்ள சரோஜினி அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உங்கள் தொய்வு இப்போது எப்படி இருக்கிறது, இன்னும் மூச்சு இழுக்கிறதா? பனி விடும்வரை விடியற்காலையில் கிணற்றடிக்குப் போகாதீர்கள். அத்தானிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

போகாதே என்று நீங்கள் ரயில் புறப்படும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். லீவு முடிந்துவிட்டது, போகாவிட்டால் வேலை போய்விடும் என்றேன். அதுவும் உண்மைதான்.

தங்க இடம் கிடைத்துவிட்டது. நம் வீட்டுக்கு எதிரே துணிக்கடை வைத்திருக்கும் புஹாரி நானா தன் மேல்மாடி அறையைத் தந்திருக்கிறார். அவர் மகள் நூருன்னிஸா என் வகுப்பில்தான் படிக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் நம் வீடு தெரிகிறது. முன் அறையும் அதன் கூரையும் எரிந்து போயின. பின் அறைகளின் சுவர்களில் புகைகூடப் படியவில்லை.

நீங்கள் அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் இருந்தீர்கள். அதனால் ஒருமுறை எழுதிவிடுகிறேன். ஜூலையில் கலவரம் தொடங்கியதும் அப்பாவும் நானும் உடுத்த துணியோடு முகாமுக்கு ஓடினோம். வீட்டுச் சாவியை அப்பா சபாரத்தினம் அண்ணனிடம் கொடுத்தார். நீர்ப்பாசனத் திணைக்களக் கந்தோரில் அப்பாவின் கீழ் படம் வரையப் பழகியவர். பொலிஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் குவாட்டர்ஸில் இருந்ததால் அவருக்குப் பயமில்லை. பிறகு அவர் முகாமுக்கு வந்தார். "ஐயா, ஒண்டும் மிஞ்சேல்லை. எல்லாம் சாம்பல்" என்றார். அப்பா பாயில் சாய்ந்தார். அதன்பிறகு எழும்பவில்லை. இவ்வளவுதான்.

கைத்தறி வடிவமைப்பு நிலையம் திறந்துவிட்டது. பிள்ளைகளும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். வேலையில் மனம் போகும்.

உங்கள் தங்கை,
அருந்ததி


கோண்டாவில்
11.02.1984

என் அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். தொய்வு பரவாயில்லை, அத்தான் இஞ்சிச் சாறு வைத்துத் தருகிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அந்த வீட்டைப் பார்த்தபடி ஏன் இருக்கிறாய்? வேறு தெருவில் அறை கிடைக்காதா? ஜன்னலுக்கு ஒரு துணியாவது போட்டு மறைத்துவிடு.

சபாரத்தினம் தம்பிக்கு நான் இன்னும் ஒரு வார்த்தை நன்றி எழுதவில்லை. அப்பாவின் கிரியைகளுக்கு ஓடித் திரிந்தவர் அவர்தான் என்று சொன்னாய். அவரைக் கண்டால் அக்கா விசாரித்ததாகச் சொல்.

உனக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்திருக்கிறார்கள். பள்ளிக்கூட ஆசிரியர். பதில் எழுது.

அன்புடன்,
அக்கா


மாத்தளை
18.03.1984

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், ஹமீமா அக்கா, அதுதான் புஹாரி நானாவின் மனைவி, சாப்பிடாமல் விடுவதில்லை. உங்கள் இருமல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

தாமதமாக எழுதுவதற்குக் காரணம் பிள்ளைகள். வடிவமைப்புப் படிக்க வந்தவர்களுக்குச் சித்திரக் கொப்பி வைத்திருக்கத் தெரியவில்லை. திணைக்களம் கொடுத்த பெரிய கொப்பிக்கு உறை போட்டு, முதல் பக்கத்தில் பூவேலையோடு பெயர் எழுதிவிட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். கேட்டால், "பழுதாயிரும் டீச்சர்" என்கிறார்கள். சீலைக் கரைக்கு வடிவம் கேட்டால் கலண்டர் ரோசாப்பூவைப் பார்த்து வரைந்து வருகிறார்கள்.

ஒருநாள் என் புதுக் கொப்பியை அவர்கள் முன்னால் விரித்து, குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீரை முதல் பக்கத்தில் ஊற்றினேன். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "இப்போ பழுதாகிட்டுது. இனிப் பயமில்லைதானே" என்றேன். அவர்கள் கொப்பிகளிலும் ஊற்ற வைத்தேன். நூருன்னிஸா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாள்.

பிறகு அச்சகத்தில் வெட்டிக் கழித்த தாள்களை வாங்கி, கையடக்கமான கொப்பிகள் தைத்தோம். பஸ்ஸிலும் வைத்து வரையலாம். வரைந்ததற்குப் பரீட்சைப் புள்ளி போடுவதில்லை. அழிறப்பர் தொடக்கூடாது. வகுப்புத் தொடங்கும்போது நானும் அவர்களோடு உட்கார்ந்து வரைகிறேன்; வந்தவற்றில் மிக மோசமானதை முதலில் நான் காட்டுகிறேன். அதைப் பார்த்துச் சிரித்த பிறகு தங்கள் கொப்பிகளைத் திறக்கிறார்கள். வீட்டில் உங்களைவிட வயது கூடிய பொருள் எதையாவது பார்த்து வாருங்கள், தெரிந்ததை வரையவேண்டாம், கண்ணில் பட்டதை வரையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னும் வெறும் பக்கங்களோடு வருபவள் ஒருத்திதான். பாலேஸ்வரி. சபாரத்தினம் அண்ணனின் மகள். அவர்கள் கலவரத்துக்குப் பிறகு நாவுலைக்கு மாறிப் போய்விட்டார்கள்; பஸ்ஸில் வருகிறாள்.

அக்கா, அப்பா அலுமாரிக் கதவில் செதுக்கிய மீன்கொத்தி ஞாபகம் இருக்கிறதா? அது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது? வகுப்புக்குச் சொல்லக் கேட்கிறேன்.

அன்புடன்,
அருந்ததி


கோண்டாவில்
09.04.1984

அன்பான அருந்ததிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாய் இருக்க அம்மன் துணை. வருஷப்பிறப்புக்கு வரமாட்டாயா?

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். தேத்தண்ணீர்க் கதைக்கு நன்றாகச் சிரித்தார். நீ பழையபடி ஆகிவிட்டாய் என்று எனக்கு நிம்மதி.

மீன்கொத்தி இடப்பக்கம் பார்த்திருந்தது. நீ பிறக்க முந்திய வருஷம் அப்பா அதைச் செதுக்கினார். முடியப்போகும் நேரத்தில் உளி வழுக்கி வால் உடைந்துவிட்டது. அம்மா சிரித்தார். அப்பா கோபித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டு, அடுத்த நாள் வால் இருந்த இடத்தில் ஒரு நாணல் இலையைச் செதுக்கிவிட்டார். அம்மா சாகும்வரை வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, "எங்கட வீட்டுக் குருவி இலை முளைச்ச குருவி" என்பார். அதுவும் எரிந்துபோயிற்றே.

அந்தப் பெண்ணை அதட்டாதே. பயந்த சுபாவமாக இருக்கும். சம்பந்தத்துக்குப் பதில் எழுதவில்லையே.

அன்புடன்,
அக்கா


மாத்தளை
20.05.1984

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள். வருஷத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை.

பிள்ளைகளுக்கு இப்போது வரையும் பைத்தியம் பிடித்துவிட்டது. நூருன்னிஸா தன் உம்மம்மாவின் பாக்குவெட்டியை எத்தனையோ பக்கமாக வரைந்துவிட்டாள். அதிலிருந்து ஒரு தலையணை உறைக்கு வடிவம் எடுத்திருக்கிறாள். பஸ்ஸில் கொண்டக்டர் பார்க்கிறார் என்று கொப்பியை மூடிய பிள்ளை இப்போது கொண்டக்டரையே வரைந்து வருகிறாள்.

பாலேஸ்வரியோடு தனியாக இருந்து பேசினேன். "எங்க வீட்ல ஒண்ணும் அழகா இல்ல டீச்சர்" என்றாள். அழகு வேண்டாம், பழசு போதும் என்றேன். அடுத்த நாள் ஒரு அரிக்கன் லாம்பு வந்தது. நன்றாகவே இருந்தது. எல்லோருக்கும் காட்டினேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் வருகிறது. பிரம்பு பின்னிய கதிரை, தேங்காய்த் திருவலகை, அம்மாவின் கை. வகுப்பிலேயே கூர்மையான கண் அவளுக்குத்தான்.

ஒருநாள் நாவுலைக்குப் போயிருந்தேன். சபாரத்தினம் அண்ணன் வாசல் படலையடியில் வைத்துப் பேசி, பஸ் வரும்வரை கூடவே நின்று அனுப்பிவிட்டார். நீங்கள் விசாரித்ததைச் சொன்னேன்.

நம் வீட்டு நடு அறையில் எடுத்த படம் உங்களிடம் இருக்கும். அலுமாரி தெரிகிற படம். அதை அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
அருந்ததி


கோண்டாவில்
14.06.1984

அருந்ததிக்கு,

சுகம் விசாரித்து எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனதில் இருப்பதை முதலில் கேட்கிறேன்.

மாப்பிள்ளையைப் பற்றி இரண்டுமுறை கேட்டும் ஒரு வார்த்தை இல்லை. அலுமாரியைப் பற்றி இரண்டுமுறை நீயாகவே கேட்கிறாய். நீ நாவுலைக்குப் போனாய். வீட்டுக்கு வந்த உன்னை உள்ளே கூப்பிடாமல் அனுப்பினார் என்கிறாய். அதற்கு ஒரு குறையும் சொல்லவில்லை. குறை சொல்லாத தங்கச்சி எனக்கு இல்லை.

படம் இதோடு வருகிறது. நீ மாத்தளைக்கு எதைத் தேடிப் போனாய்? ஒளிக்காமல் எழுது.

அக்கா


மாத்தளை
27.07.1984

அன்புள்ள அக்காவுக்கு,

படம் கிடைத்தது. நான் நலம். நீங்கள் மருந்தை விடாதீர்கள்.

ஒளிக்காமல் எழுதுகிறேன். போன வருஷம் டிசம்பரில் புஹாரி நானா துணி எடுக்க யாழ்ப்பாணம் வந்தபோது என்னைத் தேடி வந்தார். நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"டீச்சர், நெருப்பு வெச்சது பொழுது பட்ட பொறகுதான். அன்னைக்கு மத்தியானமே ஒரு லொறி வந்துச்சு. கதவ ஒடைக்கல. சாவி போட்டுத் தெறந்தாங்க. சாமான ஏத்துனாங்க. நீங்க அனுப்புன ஆளுங்கன்னு நெனச்சேன். சாமானெல்லாம் எரிஞ்சு போச்சுன்னு உங்ககிட்ட சொன்னதா இப்போதான் கேள்விப்பட்டேன்."

சாவி ஒருவரிடம்தான் இருந்தது. முகாமில் வந்து சாம்பல் என்று சொன்னவரும் அவர்தான். அப்பாவின் வாயில் கடைசித் தண்ணீர் விட்டபோது பக்கத்தில் நின்று அழுதவரும் அவர்தான்.

வாய்ச்சாட்சியை வைத்து என்ன செய்வது? அந்த வீட்டுக்குள் என்னால் நுழைய முடியவில்லை. அவர் மகள் ஒவ்வொரு நாளும் நுழைகிறாள். அவள் ஒருத்தியை மட்டும் வரையச் சொன்னால் தகப்பன் விளங்கிக்கொள்வார். அதனால் வகுப்பு முழுவதையும் வரைய வைத்தேன்.

போன வாரம் பாலேஸ்வரியின் கொப்பியில் வந்தது, அக்கா. ஒரு கதவு. அதில் இடப்பக்கம் பார்க்கும் மீன்கொத்தி. "இந்தக் குருவிக்கு வால் இல்ல டீச்சர், எலதான் இருக்கு. நீங்க சொன்ன மாதிரி கண்ணுல பட்டத அப்படியே வரைஞ்சேன்" என்றாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லி அவள் தலையைத் தடவினேன்.

ஒக்டோபரில் கண்காட்சி. ஒவ்வொரு பிள்ளையும் தான் நெய்த துணியோடு, வடிவத்தைத் தந்த பொருளையும் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று அறிவித்திருக்கிறேன். பெற்றோர் எல்லோரும் வருவார்கள்.

அருந்ததி


கோண்டாவில்
10.08.1984

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதனுக்கு நன்றி சொல்லச் சொன்னேனே. என் வாயை நான் என்ன செய்வேன்? அவன் நல்லாய் இருக்கமாட்டான். இதை மனதில் வைத்துக்கொண்டு இவ்வளவு நாளும் எப்படிச் சிரிக்கச் சிரிக்க எழுதினாய்?

ஆனால் சபையில் வைத்துச் செய்யாதே. அத்தானும் நானும் வருகிறோம். மூன்று பேரும் நாவுலைக்குப் போய் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்போம். புஹாரி நானாவையும் கூட்டிப் போவோம். அவன் குடும்பத்தின் முன் அவன் பதில் சொல்லட்டும். அந்தப் பிள்ளை தன் கையாலேயே கதவைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். நீ தலையைத் தடவிய பிள்ளை அது.

எப்போது வரலாம் என்று உடனே எழுது.

அக்கா


கோண்டாவில்
16.09.1984

அருந்ததிக்கு,

நலமா? பதில் இல்லை. தபால் தாமதம் என்று அத்தான் சொல்கிறார். பக்கத்து வீட்டாருக்குக் கண்டியிலிருந்து கடிதம் வருகிறது.

நாங்கள் புறப்படத் தயாராக இருக்கிறோம். ஒரு வரி போதும்.

அக்கா


மாத்தளை
28.10.1984

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் இரண்டு கடிதங்களும் நேரத்துக்கே கிடைத்தன. நீங்கள் வந்தால் நான் இளகிவிடுவேன் என்று தெரியும். அதனால் எழுதவில்லை.

கண்காட்சி முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. கண்டியிலிருந்து அதிகாரி வந்திருந்தார். சீகிரியாவில் ஹோட்டல் நடத்தும் ஒருவரும் துணி பார்க்க வந்திருந்தார். பாலேஸ்வரி நெய்திருந்தது ஒரு திரைச்சீலை. நீலமும் பச்சையுமாக, வரிசை வரிசையாக மீன்கொத்தி. ஒவ்வொன்றுக்கும் வால் இருக்கும் இடத்தில் நாணல் இலை. ஹோட்டல்காரர் அதை விட்டு நகரவில்லை. எல்லா அறைக்கும் இதே துணி வேண்டும், இந்தப் பிள்ளையே நெய்து தரட்டும் என்று அதிகாரியிடம் சொன்னார். அவள் நூருன்னிஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்தில் கதவு. தகப்பன் கொண்டுபோக விடவில்லையாம். உளுத்துப்போன பலகை என்று சொன்னாராம். அவர் வேலைத்தளத்துக்குப் போன நேரம் பார்த்து, தாயும் மகளும் கதவின் பிணைச்சலைத் திருகிக் கழற்றி, சாக்கில் சுற்றி, பஸ் கூரையில் ஏற்றி வந்திருக்கிறார்கள். அவர் நேரே வேலையிலிருந்து மண்டபத்துக்கு வந்தார். வாசலிலேயே கதவைக் கண்டுவிட்டார். திரும்பிப் போகப் பார்த்தார். நான் ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"சபாரத்தினம் அண்ணன், உங்க மகளுக்கு இவ்வளவு அழகான வடிவத்தக் குடுத்த கதவு எங்க வாங்கினீங்க?"

"ஏலத்திலை எடுத்தனான்."

"எங்க நடந்த ஏலம்?"

நான் நீங்கள் அனுப்பிய படத்தை எடுத்து அதிகாரியின் கையில் கொடுத்தேன். அம்மாவும் நீங்களும் அலுமாரிக்கு முன்னால் நிற்கும் படம். பிறகு சொன்னேன். சாவி, லொறி, முகாம், சாம்பல், அப்பா. குரலை உயர்த்தவே இல்லை. புஹாரி நானா கூட்டத்தில் எழுந்து, "நான் பாத்தேன்" என்றார்.

"எரியப்போற சாமானைத்தானே எடுத்தனான், பிள்ளை" என்றார் அவர். "விட்டிருந்தா அதுவும் எரிஞ்சிருக்கும். உங்களிட்டைத் தரத்தான் நினைச்சனான். ஐயா செத்த பிறகு எப்பிடித் தாறது?"

"அப்பா உயிரோட இருக்கும்போதுதானே சாம்பல்னு சொன்னீங்க?"

அவர் திரும்பி நடந்தார். மேடையிலிருந்து இறங்கும்போது படி தவறி விழப் பார்த்தார். யாரும் கை கொடுக்கவில்லை. அதைப் பார்த்தது எனக்குப் போதுமானதாக இருந்தது. இல்லை, போதவில்லை, இன்னும் ஒரு படி இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பாலேஸ்வரி அழவில்லை. என்னிடம் வந்தாள்.

"இதுக்காகத்தான் எங்கள வரையச் சொன்னீங்களா டீச்சர்?"

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது? அவள் கொப்பியை மேசையில் வைத்தாள். பிறகு மறுபடி எடுத்துக்கொண்டு போனாள். ஹோட்டல்காரர், இந்த வழக்கெல்லாம் நமக்கு வேண்டாம் என்று போய்விட்டார்.

அலுமாரி இப்போது என் அறையில் இருக்கிறது. மற்றச் சாமான்களையும் அவர்களே லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். அவர் வவுனியாவுக்கு மாற்றம் கேட்டிருக்கிறாராம். கந்தோரில் ஒருவரும் அவரோடு தேத்தண்ணீர் குடிப்பதில்லையாம். நான் நன்றாகத் தூங்குகிறேன். உங்களுக்குப் பொய் எழுத விரும்பவில்லை.

அலுமாரியை உங்களிடம் அனுப்பட்டுமா?

அன்புடன்,
அருந்ததி


கோண்டாவில்
19.11.1984

அருந்ததிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே சுகம்.

அவன் படியில் தடுமாறினான் என்ற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்கும் இனித்தது. அதை மறைக்கவில்லை. அப்பாவின் படத்துக்குப் பூ வைத்துச் சொல்லவும் செய்தேன்.

அந்தப் பிள்ளை கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. எனக்கு எழுதியதிலும் இல்லை.

அலுமாரி வேண்டாம். உன்னிடமே இருக்கட்டும். சம்பந்தக்காரர் வேறு இடம் பார்த்துவிட்டார்கள்.

அக்கா


வவுனியா
22.12.1984

டீச்சருக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதித்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று அம்மா சொன்னார். எழுதிவிட்டேன்.

நாங்கள் இங்கே வந்துவிட்டோம். இங்கேயும் கதை வந்துவிட்டது. அப்பா வேலைக்குப் போய்வருகிறார். அவரோடு நான் பேசுவதில்லை. அவர் செய்தது களவு. உங்கள் அப்பாவிடம் சொன்ன பொய் களவைவிட மோசம். அவருக்காக நான் எதுவும் கேட்க வரவில்லை.

அந்த அலுமாரியை ஏலத்தில் எடுத்தேன் என்று அப்பா என்னிடம் பொய் சொல்லி வீட்டுக்குள் கொண்டுவந்தார். எனக்குக் கண் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொல்லி என் கொப்பியைத் திறக்க வைத்தீர்கள். முதலாவது பொய் என்று தெரிந்துவிட்டது. இரண்டாவது பொய்யா உண்மையா என்று யாரிடம் கேட்பது? நூருன்னிஸா எழுதியிருந்தாள். வகுப்பில் இப்போது நீங்கள் பக்கத்தில் வந்தால் எல்லோரும் கொப்பியை மூடுகிறார்களாம்.

நான் மூடவில்லை. ஒவ்வொரு நாளும் வரைகிறேன். நீங்கள் கேட்டபோது வரைந்ததைவிடக் கூடுதலாக. ஒன்றையே வரைகிறேன். அன்றைக்கு மண்டபத்தில் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். நான் உங்களைப் பார்த்தேன். அப்பா படியில் தடுமாறியபோது உங்கள் முகத்தில் ஒன்று வந்தது. சிரிப்பு இல்லை. வாய் அசையவில்லை. கண்ணுக்குக் கீழேதான் அது இருக்கிறது. முதலில் எனக்குப் பிடிபடவில்லை. கன்னம் வந்தது, நெற்றி வந்தது, அது மட்டும் வரவில்லை. இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. நேற்று வரைந்ததைப் பார்த்து அம்மா கொப்பியைத் திருப்பி வைத்தார்.

சரியாக வந்ததும் பெரிய தாளில் வரைந்து நிலையத்துக்கு அனுப்புவேன். உங்கள் பெயரும் என் பெயரும் எழுதியிருக்கும். வகுப்புச் சுவரில் மாட்டச் சொல்லி அதிகாரிக்கும் எழுதுவேன். அடுத்த வருஷம் வரும் பிள்ளைகள் கொப்பியைத் திறக்குமுன் பார்க்கட்டும்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முகம் மாறிவிடக் கூடாது.

இப்படிக்கு,
ச. பாலேஸ்வரி